அஞ்சு ரூபாய் பாக்கெட்டும் ஒரு கைப்பிடி மல்லாட்டையும்

(குழுக் கூட்டத்தில் வாசித்துப் பேசுவதற்கான பாடம்)



இந்த மாதப் பாடம் பிள்ளைகளின் சாப்பாட்டைப் பற்றியும் விளையாட்டைப் பற்றியும். "இதுல படிக்க என்ன இருக்கு, நாங்க ஆக்கிப் போடாத சோறா?" என்று கேட்கிறவர்கள் நம்மில் நிறைய பேர் உண்டு. சரி, சோற்றில் இருந்து ஆரம்பிக்க வேண்டாம். கணக்கில் இருந்து ஆரம்பிப்போம். கணக்கு நமக்குப் பழகின வேலை.

ஒரு குழுக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். "நேற்று உங்க பிள்ளை கையில எத்தனை ரூபாய் கொடுத்தீங்க?" முதலில் எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகும்போது அஞ்சு, வந்த பிறகு அஞ்சு. தாத்தா தனியாகக் கொடுக்கிற அஞ்சு கணக்கில் வராது. ரெண்டு பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரு நாளைக்கு 20 ரூபாய். மாதம் 600 ரூபாய். வருஷத்துக்கு 7,200 ரூபாய். அதே வீட்டில் குழுவுக்குக் கட்டுகிற சந்தா மாதம் 200, வருஷத்துக்கு 2,400. நாம் சேர்த்து வைக்கிறதைப் போல மூணு மடங்கு, பொட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டுக்குப் போகுது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதின பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இன்னொரு கணக்கும் இருக்கு. அந்த அஞ்சு ரூபாய் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எடை போட்டிருக்கும். 12 கிராம் என்று போட்டிருந்தால் கிலோ என்ன விலை ஆகுது? 400 ரூபாய்க்கு மேல். உள்ளே இருப்பது மாவு, பாமாயில், உப்பு, மசாலாத் தூள். கடையில் வாங்குகிற நல்ல மல்லாட்டைக் கொட்டை அதில் பாதி விலைகூட வராது. மல்லாட்டையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கு.

நம்ம பாகூர் பக்கமும் திருக்கனூர் பக்கமும் வயலில் விளைகிற மல்லாட்டை மூட்டை வண்டி ஏறி எங்கே போகுது? தட்டாஞ்சாவடி கமிட்டிக்கு, அதாவது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு. விற்ற காசு வீட்டுக்கு வருது. அந்தக் காசில் ஒரு பகுதி அஞ்சு அஞ்சு ரூபாயாகப் பாக்கெட்டுக்குத் திரும்பிப் போகுது. மூட்டையில் இருந்து பத்துப் படி மல்லாட்டையை வீட்டுக்கென்று முதலில் எடுத்து வைக்கிற வழக்கம் நம்ம மாமியார் காலத்தில் இருந்தது. "எல்லாத்தையும் போட்டுட்டா கடன் அடையும்" என்று நாம் அதையும் சேர்த்து ஏற்றி விடுகிறோம். கடன் அடைய வேண்டியதுதான். ஆனால் பத்துப் படியில் அடையப் போகிற கடன் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள்.

யாரைக் குற்றம் சொல்வது?

யாரையும் குற்றம் சொல்ல இந்தப் பாடம் எழுதவில்லை. தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிற நம்ம உறுப்பினர்கள் காலையில் பஸ் ஏறினால் வீடு திரும்ப இருட்டிவிடும். நூறு நாள் வேலை, களை எடுப்பு, கட்டட வேலை என்று போகிறவர்களுக்கும் அதே கதைதான். பிள்ளை நாலு மணிக்குப் பசியோடு வீட்டுக்கு வரும்போது வீட்டில் ஆள் இல்லை, அடுப்பும் எரியவில்லை. கையில் அஞ்சு ரூபாய் இருந்தால் அது கடைக்குத்தான் ஓடும். பிள்ளையைப் பிரிந்திருக்கிற மனசு கேட்காமல் அம்மா கொடுக்கிற காசு அது. அதில் பாசம் இருக்கு.

பசி நாலு மணிக்கு வரும் என்பது நமக்குத் தினமும் தெரிந்த விஷயம். அந்த நேரத்துக்கு ஒரு டப்பாவில் ஏதாவது இருந்தால் பிள்ளை கடைக்கு ஓடுகிற நாள் குறையும். பிள்ளைகளின் சாப்பாட்டுப் பழக்கத்தில் பாதி இந்த ஒரு டப்பாவில் இருக்கு என்று நாங்கள் துணிந்து சொல்வோம். காலையில் ஒன்பது நிமிஷம் அதிகமானால் போதும். ராத்திரி ஊறப்போட்ட காராமணியோ கொண்டைக்கடலையோ சோற்றுக்கு முன்னால் குக்கரில் ரெண்டு விசில். நேரமே இல்லை என்றால் வறுத்த மல்லாட்டை, பொட்டுக்கடலை, பொரி கலந்து ஒரு கிண்ணம். அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்று. வீட்டு வாசலில் கொய்யா மரம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

வீட்டில் இருக்கிற அப்பா, தாத்தா, ஆயா எல்லோருக்கும் இந்த டப்பா விஷயம் தெரிஞ்சிருக்கணும். அம்மா வாங்கித் தராததை அப்பா வாங்கித் தந்து நல்ல பேர் எடுக்கிற வீட்டில் எந்தப் பழக்கமும் நிற்காது.

பாக்கெட்டின் பின்பக்கம்

பாஸ்புக்கில் வரவு, பற்று, வட்டி பார்க்கத் தெரிந்த நமக்குப் பாக்கெட்டின் பின்பக்கம் பார்ப்பது பெரிய வித்தை இல்லை. எழுத்து ஆங்கிலத்தில் இருந்தாலும் எண்ணைப் படிக்கலாம். பத்தாவது படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதுவும் கற்றுக்கொள்ளும்.

சேர்த்த பொருட்களின் பட்டியலில் எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். பிஸ்கட் பாக்கெட்டில் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, மூன்றாவது பாமாயில் என்று இருந்தால், மேலே கோதுமைக் கதிர் படமோ பால் டம்ளர் படமோ எதைப் போட்டிருந்தாலும் அது மைதாவும் சர்க்கரையும்தான். படத்துக்கு எடை கிடையாது.

அடுத்து ஒரு கட்டம் இருக்கும். 100 கிராமுக்கு எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். சோடியம் என்ற வரியைப் பாருங்கள். சோடியம் 400 மில்லிகிராம் என்றால் அது ஒரு கிராம் உப்பு. 800 என்றால் ரெண்டு கிராம். பெரியவர்களே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிள்ளைக்கு அதைவிடக் குறைச்சல். நாம் ஊறுகாயும் கருவாடும் தின்று பழகினவர்கள் என்பதால் இந்த உப்பு நாக்குக்குத் தெரியவே தெரியாது.

கூல்டிரிங்ஸ் விஷயம் இன்னும் மோசம். 100 மில்லியில் 10, 11 கிராம் சர்க்கரை சாதாரணமாக இருக்கும். 200 மில்லி சின்ன பாட்டிலைக் குடித்தால் 20 கிராமுக்கு மேல், அதாவது நாலைந்து டீஸ்பூன். வீட்டில் ஒரு டம்ளர் மோரிலோ காப்பியிலோ நாலைந்து ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கொடுப்போமா? கைவராது. ஆனால் பாட்டிலில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ரெண்டு வயசு ஆகாத குழந்தைக்குச் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம் என்று சொல்லியிருக்கு. பால் புட்டியில் சர்க்கரை போடுகிற ஆயாக்களுக்கு இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லணும். சண்டை போட வேண்டாம்.

தென் அமெரிக்காவில் சிலி என்று ஒரு நாடு. அங்கே 2016-இல் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். சர்க்கரை, உப்பு, கொழுப்பு அதிகமாக இருக்கிற பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே எட்டு மூலை உள்ள கறுப்பு முத்திரை குத்தணும். படிக்காத அம்மாகூட முத்திரையைப் பார்த்து விலகிப் போகலாம். நம்ம நாட்டில் இப்போதைக்குப் பின்பக்கம்தான். அதனால் திருப்பிப் பார்க்கிற பழக்கம் நமக்கு வரணும்.

பள்ளிக்கூடத்திலும் ஒரு வேலை தொடங்கியிருக்கு. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதம் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எந்தப் பானத்தில், எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை இருக்குன்னு பிள்ளைங்க பார்க்கிற இடத்தில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. நாலு வயசு முதல் பத்து வயசு வரை உள்ள பிள்ளைகள் சாப்பிடுகிற மொத்த சக்தியில் 13 சதவீதம் சர்க்கரையில் இருந்து வருது, 5 சதவீதம்தான் இருக்கணும் என்று அதிலேயே எழுதியிருந்தார்கள். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் அந்த வாரியத்தின் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன என்பதால் இது நம்ம பிள்ளைகளின் பள்ளிக்கும் பொருந்தும். பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது "டீச்சர், அந்தப் பலகை எங்க வெச்சிருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்கலாம். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கு.

குண்டும் ஒல்லியும்

"எங்க வீட்டுப் பிள்ளை குச்சி மாதிரி இருக்கு, இந்தப் பாடம் குண்டு பிள்ளைங்களுக்கு" என்று ஒரு அக்கா சொன்னாங்க. அப்படி இல்லை. ஒல்லியான பிள்ளைக்கும் பாக்கெட்தான் எதிரி. சாயங்காலம் பாக்கெட்டில் வயிற்றை அடைத்துக்கொண்டால் ராத்திரி சோறு இறங்காது. சோறு இறங்காத பிள்ளைக்குப் பருப்பும் கீரையும் முட்டையும் எங்கே இருந்து போகும்?

முன்பெல்லாம் நம்ம ஊர்ப் பக்கம் மெலிவு ஒன்றுதான் கவலை. இப்போ ஒரே தெருவில், சில சமயம் ஒரே வீட்டில், மெலிந்த பிள்ளையும் பருத்த பிள்ளையும் இருக்கு. உலகம் முழுக்க அப்படித்தான். யுனிசெப் 2025 செப்டம்பரில் ஒரு அறிக்கை வெளியிட்டது. 5 வயசு முதல் 19 வயசு வரை உள்ள பிள்ளைகளில் உடல் பருமன் உள்ளவர்கள் 9.4 சதவீதம், எடை குறைந்தவர்கள் 9.2 சதவீதம். பருமன் எண்ணிக்கை மெலிவைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. 2000-இல் பருமன் வெறும் 3 சதவீதமாக இருந்தது.

தேசிய குடும்ப நல ஆய்வு 2019-21 கணக்குப்படி புதுச்சேரியில் நூறு பெண்களில் நாற்பது பேருக்கு மேல் எடை அதிகமானவர்கள். அதே ஆய்வில், அஞ்சு வயசுக்கு உட்பட்ட நம்ம பிள்ளைகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை. அம்மாவுக்கு எடை கூட, பிள்ளைக்கு ரத்தம் குறைவு. ரெண்டும் ஒரே சட்டியில் இருந்து வருது. சோறு நிறைய, பக்கத்தில் வைப்பது கொஞ்சம் என்றால் அப்படித்தான் ஆகும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். எடை அதிகமான பிள்ளையைப் பட்டினி போடாதீங்க. வளர்கிற வயசு. 'குண்டு', 'பூசணி' என்று பேர் வைத்துக் கூப்பிடுவதும் வேண்டாம். அப்படிக் கூப்பிடப்பட்ட பிள்ளை ஒளிந்து தின்னப் பழகும், விளையாடவும் வெட்கப்படும். அங்கன்வாடியில் எடை, உயரம் பார்த்து வளர்ச்சி அட்டையில் குறிக்கிறார்கள். அந்தக் கோட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோடு ஒரேயடியாக ஏறினாலும் இறங்கினாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்க.

எது, எப்போது, எவ்வளவு

சாப்பாட்டு நேரம் போர்க்களமாக இருக்கிற வீடுகளுக்கு ஒரு எளிய பங்கீடு சொல்கிறோம். என்ன சமைப்பது, எப்போது போடுவது, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது — இது பெரியவர்கள் பொறுப்பு. எவ்வளவு சாப்பிடுவது பிள்ளையின் வயிற்றுப் பொறுப்பு. "இன்னும் ஒரே ஒரு வாய்" என்று வற்புறுத்தித் திணித்தால், போதும் என்று சொல்கிற வயிற்றின் குரல் அந்தப் பிள்ளைக்குக் கேட்காமலே போய்விடும். "இந்தக் கீரையைத் தின்னா சாக்லேட் தரேன்" என்று சொல்வதும் அதே போலத்தான். கீரை தண்டனை, சாக்லேட் பரிசு என்று நாமே சொல்லிக் கொடுக்கிறோம்.

பிள்ளை ஒரு காயை ஒரு தடவை துப்பினால் "அவனுக்குப் பிடிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறோம். புது ருசி நாக்குக்குப் பழக எட்டு, பத்து தடவை ஆகும். ஒரு துண்டு பாகற்காய், ஒரு ஸ்பூன் கீரை, தட்டின் ஓரத்தில் வையுங்கள். தின்னாலும் சரி, தின்னாவிட்டாலும் சரி, ஒன்றும் சொல்லாதீங்க. அப்பா தட்டிலும் அதே கீரை இருக்கணும். பிள்ளை நம்ம வாயைக் கேட்காது, தட்டைப் பார்க்கும்.

டீயைப் பற்றி ஒரு வார்த்தை. புதுச்சேரிக்காரர்களுக்குக் காலையில் டீயும் பன்னும் இல்லாமல் விடியாது. பெரியவர்கள் குடியுங்கள். பிள்ளைக்கு வேண்டாம். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் அது தடுக்கும். ரத்தசோகை உள்ள பிள்ளைக்கு முருங்கைக்கீரை ஆக்கிப் போட்டு, கூடவே டீயும் கொடுத்தால் கீரை வீண். அதே கீரையோடு எலுமிச்சம்பழம் பிழிந்தால், ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுத்தால், இரும்பு நன்றாகச் சேரும். பள்ளியில் வாரம் ஒரு நாள் தருகிற இரும்புச்சத்து மாத்திரையையும், பிப்ரவரி, ஆகஸ்டு மாதங்களில் தருகிற குடற்புழு மாத்திரையையும் பிள்ளை போட்டுக்கொண்டதா என்று கேளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுங்க.

மதியச் சாப்பாடு பற்றி நமக்கு ஒரு பெருமை உண்டு. காமராஜர் 1956-இல் தமிழ்நாட்டில் மதிய உணவு தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியிலேயே, 1930-இல், பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போதைய திட்டத்தில் தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு நாளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம் என்று அளவு இருக்கு. ஆறு முதல் எட்டு வகுப்பு வரை அரிசி 150, பருப்பு 30, காய்கறி 75 கிராம். "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன சாப்பாடு?" என்று தினமும் கேளுங்கள். காயை ஒதுக்கி வைத்தேன் என்று பிள்ளை சொன்னால் ராத்திரி அதைச் சரிக்கட்டலாம். பத்து ரூபாய் கையில் கொடுத்து அனுப்பினால் அந்தச் சாப்பாட்டை அது தொடாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

செல்போன் காட்டிச் சோறு ஊட்டுவது 2020, 2021-இல் கொரோனா காலத்துக்குப் பிறகு எல்லா வீட்டிலும் புகுந்துவிட்டது. போனைப் பார்க்கிற பிள்ளைக்கு என்ன தின்கிறோம், எவ்வளவு தின்கிறோம் என்று தெரியாது. ஒரே நாளில் நிறுத்த முடியாது. ராத்திரிச் சாப்பாட்டில் இருந்து தொடங்குங்கள், பெரியவர்கள் போனும் சேர்த்து.

தெருவும் திடலும்

5 வயசு முதல் 17 வயசு வரை தினமும் 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடி ஆடணும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதில் வாரம் மூணு நாளாவது எலும்பும் தசையும் பலம் பெறுகிற மாதிரி குதிக்கிற, தாவுகிற விளையாட்டு இருக்கணும். படித்தபோது எங்களுக்குச் சிரிப்புதான் வந்தது. நாம் பாண்டி ஆடினோம், நொண்டி அடித்தோம், பச்சைக்குதிரை தாண்டினோம், கயிறு குதித்தோம், கிட்டிப்புள்ளுக்கு வெயிலில் ஓடினோம். அதற்கு யாரும் நமக்குப் பாடம் எடுக்கவில்லை. இன்றைக்குப் பாண்டிக் கட்டம் போட ஒரு கரித்துண்டும் கொஞ்சம் இடமும் போதும். செலவு இல்லை.

ஆனால் இடம் எங்கே? தெருவில் வண்டி ஓட்டம். ஏரிக்கரை, கோயில் திடல், பள்ளி மைதானம்தான் மிச்சம். பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் மைதானத்தைத் திறந்து வைக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரிடம் குழு சார்பில் மனு கொடுக்கலாம். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நாளுக்கு ரெண்டு உறுப்பினர் முறை போட்டு உட்காரலாம். கூட்டம் நடத்துகிற நமக்கு முறை போடத் தெரியாதா?

பெண் பிள்ளைகள் விஷயத்தைத் தனியாகச் சொல்லணும். ஆம்பளைப் பிள்ளை எட்டு மணி வரை கிரிக்கெட் ஆடலாம். பொண்ணு வயசுக்கு வந்துவிட்டால் அன்றோடு விளையாட்டு முடிந்தது. பாத்திரம், தண்ணி, தம்பி. நம்ம எலும்பில் பெரும்பகுதி உறுதி பெறுவது இருபது வயசுக்குள்ளேதான். அந்த வயசில் குதிக்காத, ஓடாத எலும்பு பிறகு பிரசவத்துக்கும் வயசான காலத்துக்கும் என்ன சேமிப்பு வைத்திருக்கும்? நாற்பது வயசில் முட்டி வலிக்குது என்று கூட்டத்தில் கால் நீட்டி உட்காருகிற நமக்கு இது நன்றாகவே தெரியும். பயம் இருக்கத்தான் செய்யும். அதை மறுக்கவில்லை. நாலு பொண்ணுங்க சேர்ந்து ஆடட்டும், நாம் பக்கத்தில் இருப்போம். மாதவிடாய் நாளிலும் உடம்பு தாங்கினால் விளையாடலாம், தடை ஒன்றும் இல்லை.

பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் நடந்தே போகட்டும். தண்ணீர்க் குடம் தூக்குவதும் கோலம் போடுவதும் உடற்பயிற்சிதானே என்று கேட்காதீங்க. அது வேலை. பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடுவது வேறு. ராத்திரி தூக்கமும் இதில் சேரும். ஆறு முதல் பன்னிரண்டு வயசு வரை ஒன்பது மணி நேரமாவது தூங்கணும். சீரியல் முடிகிற வரை விழித்திருக்கிற பிள்ளை காலையில் சாப்பிடாமல் ஓடும்.

பள்ளி வாசலில்

2024 பிப்ரவரியில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். புதுச்சேரியில் விற்ற பஞ்சு மிட்டாயை எடுத்துச் சோதித்ததில் ரோடமின்-பி என்ற சாயம் இருந்தது. துணிக்குப் போடுகிற சாயம் அது. சாப்பிடுகிற பொருளில் சேர்க்கவே கூடாதது. அப்போது துணைநிலை ஆளுநராக இருந்த தமிழிசை சௌந்தரராஜன் விற்பனைக்குத் தடை அறிவித்தார். சில நாளில் தமிழ்நாட்டிலும் தடை வந்தது. பல வருஷமாகக் கடற்கரையிலும் திருவிழாவிலும் பிள்ளைகள் கேட்டு அழுது நாம் வாங்கிக் கொடுத்த பொருள். விற்றவர்களும் பிழைக்க வந்த ஏழைகள்தான், அவர்களுக்கே அது என்ன பொடி என்று தெரிந்திருக்காது. சட்டம் முதலில் பொடி விற்றவனைப் பிடிக்கணும் என்பது எங்கள் கருத்து. நமக்கு இதில் பாடம் சுருக்கம்தான். கண்ணைப் பறிக்கிற ரோஸ், பச்சை, ஆரஞ்சு நிறத்தில் எது இருந்தாலும் பிள்ளைக்கு வேண்டாம்.

இன்னொரு விதியும் நம்ம கையில் இருக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் போட்ட விதிப்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை அதிகமான தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலில் இருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக் கூடாது, விளம்பரமும் கூடாது. எத்தனை ஊரில் இது நடக்குது? 50 மீட்டர் என்பது ஏறக்குறைய எழுபது அடி எடுத்து வைக்கிற தூரம். ஒரு நாள் நடந்து பாருங்கள்.

அதே நேரத்தில் வாசலில் கடை வைத்திருப்பவரும் நம்ம ஊர்ப் பெண்ணாக, நம்ம குழு உறுப்பினராகவே இருக்கலாம். அவர் வயிற்றில் அடிக்கிற மாதிரி தீர்மானம் போட வேண்டாம். பாக்கெட்டுக்குப் பதில் சுண்டல், அவித்த மல்லாட்டை, கடலை உருண்டை, நெல்லிக்காய், கொய்யா விற்றால் அவருக்கும் லாபம் உண்டு. முதலுக்குக் குழுவில் உள்கடன் கேட்டால் முன்னுரிமை கொடுக்கலாமா என்று பேசுங்கள். தின்பண்டம் செய்து விற்கிறவர்கள் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளணும். கை கழுவுகிற தண்ணீரும் மூடி போட்ட பாத்திரமும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

மல்லாட்டை எள் உருண்டை

நாலு மணி டப்பாவுக்கு ஒரு பண்டம். பத்து நாளைக்குக் கெடாது.

தோல் எடுத்த மல்லாட்டைக் கொட்டை அரை கிலோ, வெல்லம் கால் கிலோ, வெள்ளை எள் ஒரு கைப்பிடி, ஏலக்காய் ரெண்டு. முதலில் கொட்டையை முறத்தில் கொட்டிப் பொறுக்குங்கள். சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடித்தது எதுவும் வேண்டாம். பூசணத்தில் ஈரலைக் கெடுக்கிற நஞ்சு உண்டு, வறுத்தாலும் முழுசாகப் போகாது. "கொஞ்சம்தானே" என்று சேர்த்துவிடாதீங்க. நல்ல கொட்டையைச் சிறு தீயில் வாசம் வரும் வரை வறுத்து, உள்ளங்கையில் தேய்த்துத் தோலை ஊதிவிடுங்கள். எள்ளைத் தனியாக வறுக்கணும், பொரிகிற சத்தம் வந்ததும் இறக்கிடணும். இல்லாவிட்டால் கசக்கும்.

ஆறின பிறகு கொட்டையை ஒன்றிரண்டாகப் பொடிக்கணும். மிக்சி ஓட விட்டால் எண்ணெய் கக்கி மாவாகிவிடும், நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். உரல் இருந்தால் இன்னும் நல்லது. பொடித்த வெல்லத்தையும் ஏலக்காயையும் எள்ளையும் சேர்த்து இன்னும் ஒரு சுற்று. பாகு காய்ச்ச வேண்டாம். கொட்டையில் இருக்கிற எண்ணெயே பிடிக்கும். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு எலுமிச்சம்பழ அளவில் பிடித்தால் முப்பது உருண்டை வரும். ஒரு உருண்டையில் நாலு கிராம் அளவுக்குப் புரதம் இருக்கும். வெல்லமும் இனிப்புதான் என்பதால் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும், தின்ற பிறகு வாய் கொப்பளிக்கணும். அஞ்சு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு முழுக் கொட்டை கொடுக்காதீங்க, தொண்டையில் அடைக்கும். நைசாகப் பொடித்துத்தான் தரணும். மல்லாட்டை தின்றதும் உடம்பில் தடிப்போ உதடு வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். மறுபடி அந்தப் பிள்ளைக்குக் கொடுக்கக் கூடாது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உங்க பிள்ளை கடைசியாகத் தின்ற பாக்கெட்டின் காலி உறையை மடித்து எடுத்து வாங்க. சந்தா வசூல் முடிந்ததும் பாயில் பரப்பி, எடையையும் சோடியத்தையும் சர்க்கரையையும் சேர்ந்து படிப்போம். ஊக்குநர்கள் ஒரு கரும்பலகையும் சாக்பீஸும் தயாராக வைத்திருக்கவும்.